தாலி எங்கே?

கல்யாண வீடு. மண்டபம் விசாலமானது. சமையல்காரர் ஊரெல்லாம் பெயர் எடுத்தவர். நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறார். பூக்காரர் மாலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். புரோகிதரோ பெரிய பண்டிதர். எல்லாம் பேஷாக நடந்துகொண்டிருக்கிறது. முகூர்த்த வேளை வந்துவிட்டது. "கெட்டி மேளம்!" என்று சொல்ல வாயைத் திறந்த புரோகிதர், திறந்த வாயை மூடாமலே இரண்டு வீட்டாரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

தாலி எங்கே?

பெண் வீட்டார் எடுத்து வருவார்கள் என்று பிள்ளை வீட்டார் இருந்துவிட்டார்கள். பிள்ளை வீட்டார் எடுத்து வருவார்கள் என்று பெண் வீட்டார் இருந்துவிட்டார்கள். தாலியோ மூன்று மைலுக்கு அப்பால், பீரோவுக்குள், வெகு பத்திரமாக இருக்கிறது!

யாரைக் குற்றம் சொல்வது? சமையல்காரர் தம் காரியத்தைச் சரியாகத்தான் செய்தார். பூக்காரரும் அப்படியே. தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் மேலும் குறை இல்லை. ஆனால் விடியற்காலை முதல் தாலி முடிகிற வரையில் காரியங்களை ஒரு தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்தவர் யாருமே இல்லை.

இதற்காகத்தான் பெரிய குடும்பங்களில் ஓர் அத்தைப் பாட்டி இருப்பாள். முதல் நாள் இரவு எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, "சரி, மணி நாலு. பெண் எழுந்தாச்சு. எண்ணெய் எங்கே? சீயக்காய் எங்கே? புடவை இருக்கு, ரவிக்கை தைத்து வந்ததா? மாப்பிள்ளை வந்தாச்சு, கால் அலம்பச் சொம்பு எங்கே?" என்று கேட்டுக்கொண்டே போவாள். சின்னவர்களுக்கு அது தொணதொணப்பு. ஆனால் தாலி பீரோவில் இருக்கிறது என்பது அந்த ராத்திரியே தெரிந்துபோகும்.

அத்தைப் பாட்டியின் இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் உலகத்தில் ஒரு பெயர் உண்டு. 'எண்ட் டு எண்ட் டெஸ்டிங்' என்கிறார்கள். நாம் 'முழு ஒத்திகை' என்று வைத்துக்கொள்வோம். "கம்ப்யூட்டர்காரர்கள் சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் கைப்போனில் ரயில் டிக்கெட் வாங்குகிறீர்கள். கரண்டு பில் கட்டுகிறீர்கள். டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கிறீர்கள். இந்த ஒத்திகை நடந்ததா இல்லையா என்பதன் பலனை அனுபவிக்கிறவர்கள் நாம்தானே?

ஒரு டிக்கெட்டின் பிரயாணம்

ஊருக்குப் போக டிக்கெட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரையும் கடவுச் சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைகிறீர்கள். வண்டியைத் தேடுகிறீர்கள். பிரயாணிகளின் பெயர், வயது எல்லாம் எழுதுகிறீர்கள். பணம் கட்டுகிறீர்கள். டிக்கெட் வருகிறது. உங்களுக்கு இது ஒரே காரியம். ஆனால் திரைக்குப் பின்னால் வண்டிகளின் விவரத்தைச் சொல்வது ஒரு யந்திரம், இடம் காலியா என்று பார்ப்பது இன்னொன்று, பணத்தை வாங்கிப் பாங்குக்கு அனுப்புவது வேறொன்று, பாங்கின் யந்திரம் தனி, செய்தி அனுப்புவது தனி. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கோஷ்டி எழுதியிருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கூட இருக்கமாட்டார்கள்.

இவற்றைச் சோதிப்பதில் மூன்று படிகள் உண்டு. முதற்படியில் ஒவ்வொரு சின்னத் துண்டையும் தனியாகச் சோதிப்பார்கள். சமையல்காரர் சாம்பாரை ருசி பார்ப்பதைப் போல. இரண்டாவது படியில் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து, ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது படிதான் முழு ஒத்திகை. நிஜமான ஒரு மனுஷி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதைப் போலவே, கதவைத் திறப்பது முதல் டிக்கெட் கைக்கு வரும் வரையில், நடுவில் எதையும் விட்டுவிடாமல் நடத்திப் பார்ப்பது.

மனுஷி என்றேனே தவிர, இந்த வேலையைச் செய்யவும் இன்று ஒரு யந்திர மனுஷி வந்துவிட்டாள். மனிதர் கை படாமலே திரையில் பெட்டிகள் நிரம்பும், பொத்தான்கள் அமுங்கும், பக்கங்கள் புரளும். பார்த்தால் குட்டிச்சாத்தான் வேலை போல இருக்கும்! இவ்விதச் சாதனங்களில் பெயர் பெற்றது 'செலினியம்.' 2004-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ஜேஸன் ஹக்கின்ஸ் என்பவர் இதைத் தொடங்கினார். பெயருக்குக் காரணம் வேடிக்கையானது. அந்த நாளில் இந்தத் துறையில் 'மெர்க்குரி' என்ற கம்பெனி கொடி கட்டிப் பறந்தது. மெர்க்குரி என்றால் பாதரசம். பாதரச விஷத்துக்குச் செலினியம் மாற்று மருந்து என்று சொல்லிக் கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

தப்பிப்போன கடிகாரம்

ஒத்திகையைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? கேளுங்கள்.

2019 டிசம்பர் 20-ந் தேதி. அமெரிக்காவில் கேப் கனாவரல். விடிகிற சமயம். போயிங் கம்பெனி கட்டிய 'ஸ்டார்லைனர்' என்னும் விண்கலம் ராக்கெட்டின் தலைமேல் உட்கார்ந்து கிளம்பிற்று. உள்ளே மனிதர்கள் இல்லை. 'ரோஸி' என்று ஒரு பொம்மைப் பெண்மணிதான் இருந்தாள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது தொழிற்சாலைகளில் உழைத்த அமெரிக்கப் பெண்களின் நினைவாக வைத்த பெயர் அது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து திரும்ப வேண்டும் என்பது திட்டம். அது நன்றாக முடிந்தால் அடுத்து மனிதர்கள் ஏறுவார்கள்.

ராக்கெட் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்து கலத்தை விட்டுவிட்டது. உடனே கலம் தானாக எஞ்சினை இயக்கிச் சரியான பாதையில் ஏற வேண்டும். ஏறவில்லை! காரணம், அதன் கடிகாரம் 11 மணி நேரம் தப்பாக இருந்தது. ராக்கெட்டிடம் "மணி என்ன?" என்று கேட்டுத்தான் கலம் தன் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும். கேட்க வேண்டிய சமயத்துக்கு வெகு முன்னாலேயே கேட்டுவிட்டது. ஆகையால் பிரயாணத்தின் வேறு ஒரு கட்டத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, இல்லாத காரியத்துக்காக எரிபொருளை வீணாக்கிற்று. தரையிலிருந்தவர்கள் ஒருவாறு கட்டளை அனுப்பிப் பத்திரமான பாதையில் ஏற்றுவதற்குள், நிலையத்துக்குப் போக வேண்டிய எரிபொருள் தீர்ந்துவிட்டது.

இத்தனை பெரிய கம்பெனி சோதனை செய்யவில்லையா? செய்தார்கள். ஆனால் துண்டு துண்டாகச் செய்தார்கள். கிளம்புவது முதல் கலம் ராக்கெட்டைப் பிரிவது வரையில் ஒரு துண்டு. அதற்குப் பிறகு வேறு துண்டு. கிளம்புவதிலிருந்து நிலையத்தைச் சேரும் வரையில் ஒரே மூச்சில் நடத்தியிருந்தால் 25 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பிரித்துச் செய்வதே மேல் என்று தீர்மானித்துவிட்டார்கள். கடிகாரத் தவறோ, இரண்டு துண்டுகளும் சேருகிற இடத்தில் அல்லவா ஒளிந்துகொண்டிருந்தது!

கதை இதோடு முடியவில்லை. ஒரு தவறு தெரிந்ததும் எஞ்சிய கட்டளைகளை எல்லாம் தரையில் அவசர அவசரமாகத் திரும்பப் பார்த்தார்கள். அதிலே இன்னொரு தவறு அகப்பட்டது. பூமிக்கு இறங்கும்போது கலம் தன் பின்பாகத்தைக் கழற்றிவிட வேண்டும். அந்தப் பின்பாகத்தின் சின்ன எஞ்சின்களுக்குப் போன கட்டளை தவறானது. கழன்ற பாகம் விலகிப் போகாமல் திரும்பி வந்து கலத்தின் மேலேயே இடித்திருக்கலாம். கலம் இறங்குவதற்குச் சில மணி நேரம் இருக்கும்போது திருத்தி அனுப்பினார்கள். ரோஸி டிசம்பர் 22-ந் தேதி பாலைவனத்தில் பத்திரமாக வந்து இறங்கினாள்.

அதன் பிறகு நாஸாவும் போயிங்கும் சேர்ந்து நடத்திய விசாரணையில் 80 பரிந்துரைகள் வந்தன. முழு ஒத்திகையை நடத்தியே தீர வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. மறுபடி ஆளில்லாமல் ஒரு தடவை அனுப்பிப் பார்ப்பதற்காகப் போயிங் 41 கோடி டாலரை ஒதுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கலத்துக்குக் 'கலிப்ஸோ' என்று பெயர் சூட்டியது யார் தெரியுமா? ஸுனிதா வில்லியம்ஸ்! அதே கலத்தில்தான் அவரும் பட்ச் வில்மோரும் 2024 ஜூன் 5-ந் தேதி ஏறிச் சென்றார்கள். அந்தத் தடவை வந்த தொல்லை வேறு விதமானது. ஹீலியம் வாயு கசிந்தது, சின்ன எஞ்சின்கள் சண்டித்தனம் செய்தன. எட்டு நாள் பிரயாணம் என்று போனவர்கள் 2025 மார்ச்சில் வேறு கலத்தில் திரும்பியதும் நீங்கள் அறிந்ததே. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2019-ல் உள்ளே இருந்தது பொம்மையாக இல்லாமல் ஸுனிதாவாக இருந்து, இரண்டாவது தவறும் கண்ணில் படாமல் போயிருந்தால்?

அசலுக்குப் பதில் நகல்

இன்னும் பழைய கதை ஒன்று. 1996 ஜூன் 4-ந் தேதி, தென் அமெரிக்காவில் கூரூ என்ற இடத்திலிருந்து ஐரோப்பியர்களின் புதிய ராக்கெட்டான 'ஏரியன் 5' முதல் தடவையாகக் கிளம்பிற்று. ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை. சுமார் 40-வது வினாடியில் திடீரென்று பக்கவாட்டில் திரும்பிச் சுக்கு நூறாய் வெடித்தது. பல வருஷம் பாடுபட்டு விஞ்ஞானிகள் செய்த நான்கு உபக்கிரகங்களும் அதோடு போயின.

நடந்தது இதுதான். ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்கிடும் யந்திரத்தை, பழைய 'ஏரியன் 4' ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு கணக்கை எழுதி வைக்கும் அறைக்கு 32,767-க்கு மேற்பட்ட எண் கொள்ளாது. பழைய ராக்கெட்டுக்கு அது போதும். புதியது அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் போகக்கூடியது. உழக்கிலே மரக்கால் அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்? யந்திரம் திகைத்து நின்றுவிட்டது. ஒன்று நின்றால் உதவிக்கு இருக்கட்டும் என்று இன்னொன்றும் வைத்திருந்தார்கள். ஆனால் தமக்கை படித்த அதே பாடத்தைத்தானே தங்கையும் படித்தாள்? அதுவும் அதே கணக்கில் நின்றுபோயிருந்தது. இதிலே பெரிய பரிதாபம் என்னவென்றால், அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு புது ராக்கெட்டுக்குத் தேவையே இல்லை!

முழு ஒத்திகை நடக்கவில்லையா? நடந்தது. ஆனால் ஒத்திகையில் அந்த அசல் யந்திரத்தை வைக்காமல், அதைப்போல நடிக்கும் ஒரு நகலை வைத்தார்கள். பழைய ராக்கெட்டில் நன்றாக உழைத்த யந்திரம்தானே என்ற நம்பிக்கை. விபத்துக்குப் பிறகு, அசல் யந்திரத்தின் கட்டளைகளுக்குப் புது ராக்கெட்டின் பாதையைக் கொடுத்துத் தரையிலே சோதித்தார்கள். ஆகாயத்தில் நடந்தது அத்தனையும் அடி பிசகாமல் அங்கேயும் நடந்தது. அதே சோதனையை ஒரு மாதம் முன்னால் செய்திருந்தால்? விஞ்ஞானிகள் மறுபடி நான்கு உபக்கிரகங்களைச் செய்து, 2000-ம் வருஷத்தில்தான் வேறு ராக்கெட்டுகளில் அனுப்ப முடிந்தது.

கடை திறந்த அன்று

ராக்கெட்டை விட்டுவிட்டு வீட்டுக் காரியத்துக்கு வருவோம். அமெரிக்காவில் வைத்தியச் செலவு மலை போன்றது. இன்ஷூரன்ஸ் இல்லாத குடும்பங்களுக்காக அந்த நாட்டு அரசாங்கம் 2013 அக்டோபர் 1-ந் தேதி 'ஹெல்த்கேர் டாட் கவ்' என்ற இணையதளத்தைத் திறந்தது. லட்சக்கணக்கானவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். பல பேர் முதல் வாசலையே தாண்ட முடியவில்லை. தாண்டியவர்கள் நடுவழியில் நின்றார்கள். முதல் நாள் கடைசி வரையில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பின்னால் காங்கிரஸ் கமிட்டி வெளியிட்ட குறிப்புகளின்படி, 6 பேர்!

அதே மாதத்தில் வேலையை எடுத்துச் செய்த கம்பெனிக்காரர்களைப் பார்லிமெண்டு கமிட்டி கூப்பிட்டு விசாரித்தது. தங்கள் தங்கள் துண்டு சரியாக இருந்தது என்றே அவர்கள் சொன்னார்கள். முழு ஒத்திகை எப்போது நடந்தது என்ற கேள்விக்குத் திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் என்று பதில் வந்தது. மாதக்கணக்கில் அவகாசம் இருந்திருக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் ஆட்களைத் திரட்டி இரவு பகலாக உழைத்துச் சரி செய்தார்கள். 2014 ஏப்ரலுக்குள், மாநிலங்கள் தனியாக நடத்திய தளங்களையும் சேர்த்து, 80 லட்சம் பேர் இன்ஷூரன்ஸில் சேர்ந்தார்கள். செய்ய முடியாத வேலையல்ல, பாருங்கள். செய்ய வேண்டிய வேளையில் செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்ன விரல்

ஒத்திகை என்றால் எல்லாம் ஒழுங்காக நடப்பதை மட்டும் பார்ப்பதல்ல. ஏறுமாறாக நடந்தால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். இதை ஒரு சின்னக் குழந்தை கற்றுக் கொடுத்தாள்.

சந்திரனுக்கு மனிதனை அனுப்ப அமெரிக்கர்கள் முனைந்திருந்த காலம். விண்கலத்தின் கம்ப்யூட்டருக்குக் கட்டளைகள் எழுதும் கோஷ்டியில் ஸ்ரீமதி மார்கரெட் ஹாமில்டன் என்ற இளம்பெண் வேலை செய்தார். பிற்பாடு அந்தக் கோஷ்டிக்கே தலைவியானார். மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் வேலை இருக்கும். வீட்டிலே சின்னப் பெண் குழந்தை. உத்தியோகம் பார்க்கும் தாய்மார்களுக்கு இந்தச் சங்கடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையையும் ஆபீசுக்கு அழைத்துப் போவார்.

ஒரு நாள் அந்தக் குழந்தை, பிரயாணத்தை ஒத்திகை பார்க்கும் யந்திரத்தில் தன் இஷ்டத்துக்குப் பொத்தான்களை அமுக்கி விளையாடிற்று. யந்திரம் படுத்துவிட்டது! பார்த்தால், ஆகாயத்தில் பறக்கிற கட்டத்தில் 'பி-01' என்ற கட்டளையைக் குழந்தை கொடுத்திருக்கிறது. தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன் கொடுக்க வேண்டிய கட்டளை அது. வேறு யாராயிருந்தாலும் குழந்தையை அதட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். ஹாமில்டன் அம்மையாரோ, "விண்வெளி வீரரும் இதே தவறைச் செய்தால்?" என்று யோசித்தார். அப்படிச் செய்ய முடியாதபடி ஒரு தடுப்பு எழுதுகிறேன் என்று மேலதிகாரிகளிடம் கேட்டார். வீரர்கள் நன்றாகப் பழக்கப்பட்டவர்கள், அவர்களுக்குத் தவறு வராது என்று சொல்லிவிட்டார்கள். "பறக்கும்போது இந்தக் கட்டளையைக் கொடுக்காதீர்கள்" என்று குறிப்பு மட்டும் எழுதி வைத்தார்.

1968 டிசம்பரில் அப்பல்லோ 8 சந்திரனைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பேர். அவர்களில் ஒருவரான ஜிம் லவல், மகா அனுபவசாலி, ஒரு நட்சத்திரத்தின் எண்ணைக் கொடுக்கப்போய், கை தவறி அதே 'பி-01'-ஐக் கொடுத்துவிட்டார். கலம் இன்னும் தரையிலேயே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. எந்தத் திசையைப் பார்த்திருக்கிறோம் என்ற கணக்குக் கலைந்துவிட்டது. நல்ல வேளை! நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையை மறுபடி சரி செய்துகொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். அதற்கப்புறம் தடுப்பு எழுதுவதற்கு யாரும் ஆட்சேபிக்கவில்லை. 2016-ல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அந்த அம்மையாருக்கு நாட்டின் உயர்ந்த விருதை வழங்கினார்.

அப்படியானால் எல்லாவற்றையும்...?

"முழு ஒத்திகை இவ்வளவு நல்லது என்றால், எப்போதும் அதையே செய்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். முடியாது. கல்யாணத்தைத் தினம் ஒரு தடவை நடத்திப் பார்க்க முடியுமா? இதற்கு நேரம் அதிகம். அதோடு, ஒத்திகையில் தப்பு நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று சட்டென்று தெரியாது. பாயசம் கசந்தால் பாலா, வெல்லமா, முந்திரியா என்று தேட வேண்டியதுதான். சில சமயம் ஒன்றும் கெடாமலே, எங்கோ ஒரு யந்திரம் பதில் சொல்ல ஒரு வினாடி தாமதித்ததற்காக, "தப்பு, தப்பு!" என்று கூச்சல் போடும். நாலு தடவை பொய்க் கூச்சல் கேட்டவர்கள் ஐந்தாவது தடவை நிஜக் கூச்சலையும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள்.

ஆகையால் அனுபவஸ்தர்கள் ஒரு கோபுரத்தைப் போலச் செய்கிறார்கள். அடியில் சின்னச் சின்னச் சோதனைகள் ஏராளம். நடுவே சேர்ப்புச் சோதனைகள் கொஞ்சம். உச்சியில் முழு ஒத்திகைகள் சில. எந்தச் சில? எது கெட்டால் ஒருவருடைய பணமோ, மானமோ, உயிரோ போகுமோ அந்தச் சில. சுயவிவரப் படத்தை மாற்றுவதற்கு ஒத்திகை இல்லாவிட்டால் பாதகமில்லை. பணம் கட்டுவதற்கு இருந்தே ஆக வேண்டும்.

பாங்கில் பணம் குறைந்துவிட்டது, ஆனால் போய்ச் சேர வேண்டியவருக்குச் சேரவில்லை என்ற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். இரண்டு துண்டுகள் சேருகிற இடத்தில் நேர்ந்த தவறுதான் அதுவும். அப்போது பதறி மறுபடி மறுபடி பொத்தானை அமுக்காதீர்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்க் இதற்கு ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. யு.பி.ஐ. மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் உங்கள் கணக்குக்குத் திரும்பிவிட வேண்டும். கடைக்குச் செலுத்தியதாயிருந்தால் 5 நாள் அவகாசம். அதற்கு மேல் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு, நீங்கள் கேட்காமலே தர வேண்டும். பரிவர்த்தனை எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ, மருமகளோ இந்தத் துறையில் வேலை பார்க்கலாம். "டெஸ்டிங்தான் பார்க்கிறேன்" என்று சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னால், தாழ்ந்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டிருக்கும்போது, விடியற்காலை நாலு மணியிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருகிற வேலை அது.

அடுத்த தடவை கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, தூக்கம் கண்ணைச் சுற்றும் வேளையில், அத்தைப் பாட்டி எல்லாரையும் கூப்பிட்டு "தாலி எங்கே?" என்று கேட்டால், "அதெல்லாம் பத்திரமாக இருக்கு பாட்டி" என்று சொல்லி மழுப்பாதீர்கள். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, கையில் எடுத்து வந்து காட்டிவிடுங்கள்.